உங்க ஆளா, சார்?

பாஸ்போர்ட்டைக் கேட்டதும் பையை மடிக்கு இழுத்துக்கொண்டீங்க பாருங்க, அப்போதே புரிந்துவிட்டது எனக்கு. பரவாயில்லைம்மா. எல்லாரும் முதலில் இப்படித்தான். நான் ஒன்றும் தின்றுவிடமாட்டேன். என் அறையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. அதில் வைத்துப் பூட்டுவேன். வருஷம் முடிந்து நீங்க யாழ்ப்பாணம் திரும்புகிற அன்றைக்கு என் கையாலேயே எடுத்துக் கொடுப்பேன். இதுதான் முறை. யுனிவர்சிட்டி முறையா என்று கேட்காதீங்க. என் முறை. வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிற ஆட்களுக்குப் பொறுப்பேற்கிறவனுக்கு ஒரு முறை வேண்டாமா?

சீட் பெல்ட்டைப் போட்டுக்குங்க. ஏர்போர்ட் எல்லையைத் தாண்டிவிட்டால் ரோடு நன்றாக இருக்கும். ஓட்டுகிறவன்தான் எல்லாம் மாடு.

உங்களுக்கு விசா எதை வைத்துக் கொடுத்தார்கள்? என் கடிதத்தை வைத்து. சிறுதானியத் துறைப் பேராசிரியர் தாணுமூர்த்தியின் பொறுப்பில் டாக்டர் துஷ்யந்தி ஒரு வருஷம் தங்கி கேழ்வரகில் ஆராய்ச்சி செய்வார், நீங்கள் குரக்கன் என்று சொல்கிறீங்களே, அதில். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். போலீஸில் உங்களைப் பதிவு செய்யக் கூட்டிப்போகிறதும் நான். நாளைக்கு நீங்க காணாமல் போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? ஒருத்தன் அப்படிப் போயிருக்கிறான். எந்த நாடு என்று சொல்லவேண்டாம். வந்த ரெண்டாம் மாதம் டெல்லிக்கு ரயிலேறியவன்தான், ஆளே இல்லை. ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் என்னை உட்காரவைத்தார்கள், பிக்பாக்கெட்காரன் பக்கத்தில். அன்றைக்கு வாங்கினதுதான் அந்த பீரோ.

என்ன சொன்னீங்க? "என்னட்டையே இருக்கட்டும் சேர்". கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது உங்கள் தமிழ். ஆனால் இருக்கட்டும் என்றால் எப்படி இருக்கும்?

கிர்மாவா? அந்தப் பெயரை உங்களுக்கு யார் சொன்னது? இன்டர்நெட்டில் படித்தீங்களா. அதுதானே பார்த்தேன். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும்போதே என்னை ஒரு மாதிரி பார்த்தீங்க. சரி. அந்தக் கதையைச் சொல்கிறேன். என் பக்கத்தை இதுவரை ஒருத்தனும் கேட்கவில்லை. விசாரணைக் கமிட்டியில்கூட, "ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க தாணு" என்று முடித்துவிட்டார்கள். நீங்க முழுசாகக் கேளுங்க. கேட்டுவிட்டுப் பையைத் திறக்கலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்க.

எத்தியோப்பியாக்காரன். நம் ஆட்களில் ஒன்றரை ஆள் உயரம். சோளத்தில் ஆராய்ச்சி. சோளம் பிறந்ததே எங்கள் பக்கம்தான் என்பான். நம் கரிசல் காட்டில் மழையே இல்லாமல் நிற்கிற கதிரைப் பார்த்தால் சொந்தக்காரன் கன்னத்தைத் தடவுகிற மாதிரி தடவுவான். வேலை தெரிந்தவன். அதை நான் மறுக்கவே இல்லை, கமிட்டியிலும் சொன்னேன்.

வந்த வாரமே வரவேற்பு விருந்து. கெஸ்ட் ஹவுஸில் வாழையிலை போட்டு, ரிஜிஸ்ட்ராரெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார். சாம்பார் ஊற்றியாகிவிட்டது. இவன் எழுந்து வந்தான். என் இலையிலிருந்தே ஒரு கவளத்தை உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினான். அவன் ஊரில் மதிப்புள்ள ஆளுக்கு அப்படித்தான் ஊட்டுவார்களாம். மறுத்தால் அவமானமாம். யாருக்கு அவமானம்? நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கையை எடுக்கவில்லை. குழம்பு அவன் முழங்கை வரைக்கும் வழிகிறது, சிரித்துக்கொண்டே நிற்கிறான். ரிஜிஸ்ட்ரார், "வாயைத் திறங்க தாணு, பிள்ளை ஆசையா ஊட்டுதில்ல" என்கிறார். ஹால் முழுக்கச் சிரிப்பு. திறந்தேன். அந்தச் சோறு உள்ளே இறங்கவில்லை. கைக்குட்டையில் துப்பினேன். அவன் பார்த்துவிட்டான். பார்க்கட்டுமே.

அதற்கப்புறம் துறையில் கிளார்க் முதற்கொண்டு, "பிள்ளை ஊட்டிவிட்டாச்சா சார்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். நான் முப்பது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினவன். என்னிடம்.

வீட்டுக்கும் வருவான். என் வீட்டுக்காரி கோமதிக்கு அவனைக் கண்டால் அப்படி ஒரு பிரியம். அவளுக்கும் ஊட்டினான். என் கண்ணெதிரேதான். அவள் வெட்கப்பட்டுச் சிரித்து வாயைத் திறந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளுக்கு ஊட்டினதில்லை. ஊட்டுகிற பழக்கமெல்லாம் நமக்கு எங்கே? அவள் பதிலுக்கு ஒரு வாய் அவனுக்கு ஊட்டினாள். நான் ரசத்தை ஊற்றச் சொன்னேன்.

இருங்க, ஒரு நிமிஷம். இந்த பைக்கில் வந்தவன் கண்ணாடியில் இடித்துவிட்டு நிற்காமல் போகிறான். விடமாட்டேன் இவனை. பிடித்துக்குங்க.

சரி. முடிந்தது. அவ்வளவுதான் விஷயம். சாவியைப் பிடுங்கி முள்ளுக்காட்டுக்குள் எறிந்துவிட்டு ரெண்டு வைத்தேன், "மன்னிச்சிருங்க சார்" என்கிறான். இதை இடித்தவுடனே சொல்லியிருந்தால்? உதடுதான் கிழிந்திருக்கிறது, அதற்கு ஏன் உங்கள் முகம் இப்படிப் போகிறது? பின்னால் உட்கார்ந்திருந்தது பெண்டாட்டியாக இருக்கும், குழந்தையோடு. அவளை நான் தொடவே இல்லை. அந்த டிஷ்யூவை எடுங்க, கையெல்லாம் அவன் எச்சில். நீங்க என்ன, என் மகள் வயசு இருப்பீங்களா? நீ என்றே சொல்கிறேனே. அதுதான் வாயில் வருகிறது.

எங்கே விட்டேன்? ஆமாம். அந்தச் சமயத்தில்தான் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று செல்போனில் செய்தி ஓடியது. வெளியூர் ஆட்கள், தின்பண்டத்தில் மயக்க மருந்து, அப்படி இப்படி என்று. நம்பினேனா என்று கேட்காதே. எச்சரிக்கைக்குத்தானே. துறை குரூப், குடியிருப்பு குரூப், சொந்தக்காரர்கள் குரூப், மாணவர்கள் குரூப், எல்லாவற்றுக்கும் நானே அனுப்பினேன். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரப் பையன்கள்தான் நம்மிடம் பாதிப்பேர் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு வேண்டுமே.

அப்போது ஒரு நாள் காலையில் கிர்மா வந்து என் மேஜைக்கு எதிரே நின்றான். கதிர் முற்றிவிட்டது, கிராமங்களுக்குப் போய் விதை சேகரிக்கவேண்டும், பாஸ்போர்ட் வேண்டும் என்றான். எதற்கு என்றேன். "வழியில யாராவது நீ யாருன்னு கேட்டா காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல சார்" என்றான். இங்கிலீஷில்தான், ஆனால் இதைத்தான் சொன்னான். என் நம்பரைக் கொடு, என் பெயரைச் சொல், இந்த வட்டாரத்தில் அதைவிட என்ன பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். தப்பா சொன்னேன்? அடுத்த வாரம் நானே கூட்டிப்போகிறேன், அதுவரைக்கும் லேபை விட்டு நகராதே என்றும் சொன்னேன். தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு நேரே போய் பஸ் ஏறிவிட்டான்.

எந்த ஊர் என்று வேண்டாம். கேஸ் நடக்கிறது. சோளக்காட்டை ஒட்டி ஒரு வீடு. வெயிலில் அலைந்துவிட்டு அங்கே தண்ணீர் கேட்டிருக்கிறான். அந்த வீட்டுப் பெண் கொடுத்திருக்கிறாள், நல்லவள்தான். அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் கிடக்கும். வறுத்த பார்லியும் கடலையும் கலந்த தீனி, அவன் அம்மா கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணின் குழந்தை காலைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. தண்ணீர் கொடுத்த வீட்டுக்கு மரியாதை செய்ய அவனுக்கு ஒரு வழிதானே தெரியும். குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து, குழந்தை வாயில் ஊட்டியிருக்கிறான். எதிர்ப்புறம் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தவன் பார்த்துவிட்டான்.

நான் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வணக்கம் சார். யுனிவர்சிட்டி தாணு சாருங்களா?"

மரியாதையான குரல். முத்தையா என்று பெயர், அந்த ஊர் ரேஷன் கடைக்காரர். அதெல்லாம் பிறகுதான் தெரியும்.

"இங்க ஒரு ஆளப் புடிச்சி வச்சிருக்காங்க சார். ஆப்பிரிக்காக்காரன் கணக்கா இருக்கான். புள்ள வாயில என்னத்தையோ ஊட்டிட்டான்னு பயலுவ ஒரே ஆட்டமா ஆடுதானுவ. கையில ஒரு அடையாளம் கெடையாது. உங்க நம்பரத்தான் காட்டுதான். உங்க ஆளா, சார்?"

பின்னால் ஒரே இரைச்சல். அதற்குள்ளே அவன் குரல். "தாணு சார், தாணு சார்." தெளிவாகக் கேட்டது.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். காலையில்தான் போகாதே என்றேன். போனதும் இல்லாமல் ஊட்டியிருக்கிறான். மறுபடியும் ஊட்டியிருக்கிறான். அந்த விருந்தும் ரிஜிஸ்ட்ரார் சிரித்ததும் அப்படியே கண்முன் வந்தது. கொஞ்ச நேரம் பயப்படட்டும் என்று நினைத்தேன். வளர்க்கிற தகப்பன் அப்படி நினைக்கமாட்டானா?

"எந்த ஆளு? அப்படி யாரும் எங்கிட்ட கெடையாது" என்றேன்.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க சார். நீங்க ஒத்த வார்த்த சொன்னா விட்டுருவாங்க. நான் ஒரு ஆளாத்தான் மறிச்சுக்கிட்டு நிக்கேன்."

"தெரியாதுன்னு சொல்றேன்ல."

வைத்துவிட்டேன். மோர்ச்சோறு பாக்கி இருந்தது. அதைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நானே கூப்பிட்டு, என் ஆள்தான், உட்காரவையுங்க, காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். சத்தியமாக. என்ன பேசவேண்டும் என்பது வரைக்கும் மனசில் தயாராக இருந்தது.

கோமதிதான் கெடுத்தாள். "கிர்மா குரல்தான அது? ஏன் இல்லைன்னு சொல்லுதீய?" என்று போனை எடுக்க வந்தாள். கையைப் பிடித்தேன். பிடித்தேன், அவ்வளவுதான். அவள் இழுத்ததில் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டுக்குள் இறங்கிவிட்டது. தையல் போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இழுத்தது அவள். தட்டெல்லாம் ரத்தம். அதற்கப்புறம் யாருக்கு மோர்ச்சோறு? அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தக் களேபரத்தில் கூப்பிட மறந்துபோனது யார் தப்பு?

வீடியோ பார்த்திருக்கிறாயா? பார்க்காதே. நான் பார்த்திருக்கிறேன். அடிக்கடி பார்ப்பேன். தண்ணீர்த் தொட்டிக் காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். முதலில் கைதான். பிறகு செருப்பு. பிறகு எங்கிருந்தோ பம்புசெட் குழாய் ஒன்று வருகிறது. குழாய் உடம்பில் படுகிற சத்தம் வேறு மாதிரி, ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. வயதான ஒருத்தர் நடுவில் புகுந்து ரெண்டு கையையும் விரிக்கிறார், அவர்தான் முத்தையா. அவருக்கும் விழுகிறது. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக விரித்த கையை மடக்காமல் நிற்கிறார், அப்புறம் அவரையும் காணோம். அந்தக் குழந்தையின் அம்மா, "நாந்தாண்டா தண்ணி குடுத்தேன், பாவிகளா, நாந்தான் குடுத்தேன்" என்று ஓடி வருகிறாள். அவள் முடியைப் பிடித்து ஒருத்தன் இழுத்துப்போகிறான். கிர்மாவின் பல் ஒன்று மண்ணில் கிடக்கிறது, அதைக் கிட்டேபோய்ப் படமெடுக்கிறார்கள். கடைசிவரைக்கும் என் பெயர்தான். ஒரு கட்டத்துக்கு மேல் சார் போய்விட்டது. தாணு, தாணு என்று மட்டும்.

அதை மாணவர்கள் பார்த்தார்கள். துறையில் எல்லாரும் பார்த்தார்கள். என் பெயரை அவன் ஏன் அத்தனை தடவை சொல்லவேண்டும்? போலீஸ் என்று கத்தியிருக்கலாம். காப்பாற்றுங்கள் என்கிற தமிழ் வார்த்தையை நானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஆமாம். மறுநாள் பெரியாஸ்பத்திரியில் போய்விட்டான்.

கமிட்டி போட்டார்கள். சிக்னல் சரியில்லை, எதிர்முனையில் பேசியது எதுவும் காதில் விழவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். தகவல் தொடர்பில் இடைவெளி என்று முடித்தார்கள். நான் தெரியாது என்று சொன்னதாக முத்தையா போலீஸில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். இப்போது அவர் பெயரையும் அந்தக் கேஸில் குற்றவாளிகளோடு சேர்த்திருக்கிறார்கள், கூட்டத்தோடு கூட்டமாக. எனக்கு மட்டும் தண்டனை இல்லையா? வெளிநாட்டிலிருந்து யாரையும் கூப்பிடக்கூடாது என்று இத்தனை நாள் நிறுத்திவைத்தார்கள். அது முடிந்து நான் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நீ. அதனால்தான் இவ்வளவு கவனமாக இருக்கிறேன். புரிகிறதா?

உடம்பை அனுப்பப் பாஸ்போர்ட் கேட்டார்கள். நான் மறைத்தேனா? பீரோவைத் திறந்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மடிப்புக்கூட இல்லாமல் வைத்திருந்தேன். கொண்டுபோக அவன் அண்ணன் வந்திருந்தார். அதே உயரம். வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னது நான்தான். கோமதி கட்டுப்போட்ட கையோடு சமைத்துப் பரிமாறினாள். அந்த மனுஷன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. முதல் கவளத்தை உருட்டி எழுந்துபோய் அவள் வாயில் ஊட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது விழுங்கினாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாயைக்கூடத் திறந்தேன் என்று வைத்துக்கொள்ளேன். என் பக்கம் திரும்பாமல் கை கழுவப் போய்விட்டார். அவர் தம்பிக்கு நான் செய்ததற்கெல்லாம் எனக்குக் கிடைத்தது அதுதான்.

கோமதி இப்போது தென்காசியில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வைத்தியம். அங்கே ஒரு நல்ல வைத்தியர் இருக்கிறாராம். போன் பண்ணினால் அக்காதான் எடுப்பாள்.

கேட் போட்டுவிட்டான். சரக்கு ரயிலாக இருக்கும், லேசில் போகாது. வண்டியை அணைத்துவிடுகிறேன். என் பக்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டாய். இப்போது பையைத் திற.

என்ன? உன் மாமாவை செக்பாயிண்டில் பஸ்ஸைவிட்டு இறக்கினார்களா. அடையாள அட்டை வீட்டில் மறந்துபோயிருந்ததா. அப்புறம் திரும்பி வரவே இல்லையா. சரி, வருத்தம்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அது யுத்த காலம், நின்றவன் ராணுவத்துக்காரன். இங்கே உனக்கு நான் இருக்கிறேன்.

கதவில் கை வைக்காதே. வைக்காதே என்கிறேன். நான் எங்கே இழுக்கிறேன்? பை வாரைத்தான் பிடித்திருக்கிறேன். நீதான் இழுக்கிறாய். அறுந்துவிடும், விடு. பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் பையை நீயே வைத்துக்கொள். சத்தம் போடாதே, பைக்கில் நிற்கிறவனெல்லாம் திரும்பிப் பார்க்கிறான். அந்த ஒரு அறை நான் வேண்டுமென்று வைக்கவில்லை, கை தவறிப் பட்டுவிட்டது. நீ—

கடித்துவிட்டாய். பல் பதிந்து ரத்தம் வருகிறது பார். படித்த பெண் செய்கிற காரியமா இது?

ஒன்றுமில்லைங்க. நீங்க உங்க வண்டியைப் பாருங்க. குடும்ப விஷயம். கண்ணாடியைத் தட்டாதீங்க தம்பி, திறக்கிறேன். திறந்துவிட்டேன் இல்லையா? அவங்களே இறங்கிக்கொள்கிறாங்க பாருங்க. நான் யாரையும் பிடித்துவைக்கவில்லை.

பெட்டி டிக்கியில் இருக்கிறது. நானே இறக்கித் தருகிறேன். வேண்டாமா? சரி, நீங்களே எடுத்துக்குங்க. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றால் பஸ் வரும். போங்க. நான் ஒரு வரி எழுதிப்போட்டால் உங்கள் விசா இந்த வாரமே முடிந்துவிடும், அது உங்களுக்கும் தெரியும். எழுதமாட்டேன். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. நாளைக்குக் காலையில் துறைக்கு வாங்க, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கலாம்.

இந்தாங்க, என் கார்டு. இந்தப் பக்கமெல்லாம் உங்களுக்குப் புதுசு. எவனாவது மறித்து யாரென்று கேட்டால் இந்த நம்பருக்குப் போடச் சொல்லுங்க. எந்த வேலையில் இருந்தாலும் எடுப்பேன்.

கார்டும்மா. அதை பானட் மேல் வைத்துவிட்டுப் போகிறீங்களே, ரயில் வருகிற காற்றுக்குப் பறந்துவிடும்.